கொடைக்கானலில் தண்ணீர் 93-ல் கொதிக்கும்

தாண்டிக்குடி காப்பிக்கொட்டையை வீட்டிலேயே வறுக்க ஒரு டிரம் செய்திருக்கிறேன். சூடு பார்க்க கே டைப் தெர்மோகப்பிள் (இரு வேறு உலோகக் கம்பிகளை நுனியில் இணைத்த வெப்ப உணரி), அதன் மின்னழுத்தத்தை டிகிரியாக மாற்றும் சிப் உள்ள மேக்ஸ்6675 போர்டு, அதைப் படிக்க ஆர்டுயினோ என்ற குட்டிக் கணினிப் பலகை.

முதல் நாளே கூத்து. அடுப்பைப் பற்றவைத்தால் எண் இறங்குகிறது! சிவப்புதானே பிளஸ் என்று மாட்டியிருந்தேன். அமெரிக்க நிறக்கணக்கில் மஞ்சள்தான் பிளஸ், சிவப்பு மைனஸ். (காந்தம் வைத்தே கண்டுபிடித்திருக்கலாம். மைனஸ் பக்க அலுமெல் கம்பி ஒட்டும், பிளஸ் பக்கக் குரோமெல் ஒட்டாது.)

மாற்றி மாட்டி, கொதிக்கிற தண்ணீரில் விட்டேன். 93. டூப்ளிகேட் போர்டு என்று திட்டிக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டார்: "இந்த ஊர்ல பருப்பு ஏன்டா லேட்டா வேகுது?" அட ஆமாம், 2,100 மீட்டர் உயரம்! காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 100-க்கு முன்பே கொதித்துவிடும்.

பெரிய தப்பு அதற்கப்புறம்தான். வயர் எட்டவில்லை என்று சாதாரண செம்புக் கம்பியால் நீட்டினேன். தெர்மோகப்பிள் தருவது டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட், அதுவும் இரு முனைகளின் வித்தியாசத்துக்கு மட்டும். மறுமுனையின் சூட்டுக்குப் பதிலாக சிப் தன் சூட்டைக் கூட்டிக்கொள்ளும். செம்பு சேர்ந்த இடமே இப்போது மறுமுனை. அந்த இணைப்பு அடுப்பருகே 50 டிகிரியில். சிப் ஜன்னலோரம் 12-ல். ஆக 38 டிகிரி குறைத்துக் காட்டியது. கால் கிலோ கொட்டை கரி.

இப்போது கே டைப் நீட்டிப்பு வயரே போட்டாயிற்று. கால் விநாடிக்கு ஒருமுறைதான் படிக்கிறேன். அவசரப்படுத்தினால் சிப் பழைய எண்ணையே நீட்டும். நேற்று 200-ஐ நெருங்கும்போது கொட்டை வறுபட்டு வெடிக்கும் முதல் சத்தம் கேட்டது. அம்மாவுக்கு ஒரு டம்ளர் போட்டுக் கொடுத்தேன்.

"கசக்குது. ஆனா கரி இல்ல."