வெளிச்சம் கூடினால் வேலையும் கூடும்: ஜிஆர்பி 221009ஏ-யை அலசிய அனுபவம்

எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர் புராஜெக்டுக்கு காமா கதிர் வெடிப்பு (சுருக்கமாக ஜிஆர்பி; தொலைதூர விண்வெளியிலிருந்து திடீரென்று காமா கதிர்கள் பீறிட்டு வரும் நிகழ்வு) ஒன்றை அலசுவது என்று முடிவானதும், "இருக்கிறதுலயே பெருசை எடுத்துக்கிறேன் மேடம்" என்றேன். 2022 அக்டோபர் 9 அன்று பதிவான ஜிஆர்பி 221009ஏ. பத்தாயிரம் ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடியது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். "தாராளமா எடு. பிரகாசமா இருந்தா சுலபமா இருக்கும்னு மட்டும் நினைச்சுக்காதே" என்றார் மேடம்.

காமா கதிர்களைப் பார்க்கும் ஃபெர்மி விண்கலத்தின் தரவை நாசாவின் காப்பகத்திலிருந்து யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கோப்புப் பெயரில் 221009553 என்ற எண் இருக்கும். முதல் ஆறு இலக்கம் தேதி. 553 என்பது அந்த நாளில் ஆயிரத்தில் 553 பங்கு கழிந்திருந்தது என்பதற்கு. உலக நேரம் பிற்பகல் 1.17, நமக்கு மாலை 6.47. அன்று பௌர்ணமி. ஒளித் தொலைநோக்கி வைத்திருந்தவர்களுக்கு நிலா வெளிச்சம் ஒரு தலைவலி. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அந்த நேரத்தில் சென்னைக்குக் கிட்டத்தட்ட உச்சியில் இருந்தது, வானில் வெடிப்பு தெரிந்த இடம். ஏறத்தாழ 190 கோடி ஆண்டு பயணித்து வந்த காமா கதிர்கள் நம் தலைக்கு மேலே வளிமண்டலத்தில் மோதி, அயனி மண்டலத்தையே கலக்கியிருக்கின்றன. கீழே யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

வெடிப்புகளைப் பதிவு செய்யும் ஃபெர்மியின் ஜிபிஎம் கருவியில் சோடியம் அயோடைடு டிடெக்டர்கள் 12, ஆற்றல் கூடிய கதிர்களுக்கான பிஜிஓ டிடெக்டர்கள் 2. வெடிப்பு இருக்கும் திசையை நன்றாகப் பார்ப்பவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட வேண்டும். இது அரை நாள் வேலை.

பிறகுதான் தொல்லை. நொடிக்கு நொடி எத்தனை ஃபோட்டான் (ஒளித்துகள்) வந்தது என்று காட்டும் வரைபடத்தில் முதலில் ஒரு சின்ன மேடு. அப்புறம் சில நிமிடங்களுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. அதன்பின் கோடு செங்குத்தாக ஏறுகிறது. அந்த உச்சிதான் எனக்கு வேண்டியது, அதைத்தான் தொடக்கூடாது. தொடக்கத்திலிருந்து 219 முதல் 277 நொடி வரையிலான பகுதியை நம்ப வேண்டாம் என்று கருவிக் குழுவே அறிவித்திருக்கிறது. ஒரு ஃபோட்டானைப் பதிவு செய்தபின் அடுத்ததைப் பதிய டிடெக்டருக்கு 2.6 மைக்ரோநொடி வேண்டும். அன்று அந்த அவகாசமே கிடைக்கவில்லை. எண்ணிக்கை விட்டுப்போனது மட்டுமென்றால் ஈடுகட்டிவிடலாம். ஆனால் இரண்டு ஐந்து ரூபாய் நாணயம் ஒட்டிக்கொண்டு விழுந்தால் எண்ணும் இயந்திரம் ஒரு பத்து ரூபாய் என்று கணக்கெழுதுவது போல, இரண்டு ஃபோட்டான் சேர்ந்து ஆற்றல் கூடிய ஒரே ஃபோட்டானாகப் பதிவாகிவிடுகிறது. நிறமாலையின், அதாவது எந்த ஆற்றலில் எத்தனை ஃபோட்டான் என்ற கணக்கின், வடிவமே கோணிவிடும். அதை மென்பொருளில் ஏற்றினால் அது பாட்டுக்கு அழகான விடை தரும். அதுதான் ஆபத்து.

அடுத்தது பின்னணி, அதாவது வெடிப்பே இல்லாவிட்டாலும் டிடெக்டரில் பதிவாகிற எண்ணிக்கை. அதைக் கழித்தாக வேண்டும். சாதாரண வெடிப்பென்றால் முன்னும் பின்னும் அமைதியான பகுதியை எடுத்து நடுவே ஒரு வளைகோட்டை இழுத்துவிடலாம். இதில் முன்பக்கம் சரி, பின்பக்கம் அமைதியே கிடையாது. பூமி மறைக்கும்வரை, ஆயிரத்து நானூறு நொடிக்கு மேல், வெடிப்புக்குப் பின் மெல்ல மங்கும் பின்னொளி தெரிந்துகொண்டே இருந்தது. இதற்கு ஒரு வழி உண்டு. ஃபெர்மி ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 96 நிமிடம். 30 சுற்று முடிந்தால் சரியாக இரண்டு நாள். அப்போது அது ஏறக்குறைய அதே இடத்தின் மேல், அதே பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். ஆக 7ஆம் தேதித் தரவையும் 11ஆம் தேதித் தரவையும் இறக்கி, சராசரி எடுத்து, அதையே 9ஆம் தேதிக்குப் பின்னணியாக வைத்தேன். வெடிப்புக்கு முந்தைய நிமிடங்களில் இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று படிந்ததைப் பார்த்தபோது கிடைத்த நிம்மதி, பரீட்சை முடிவில்கூடக் கிடைத்ததில்லை.

நிறமாலைக்கு ஒரு சூத்திர வளைகோட்டைப் பொருத்துவதில் இன்னொன்றும் கற்றேன். 33 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (ஃபோட்டானின் ஆற்றலை அளக்கும் அலகு) பக்கத்தில் ஒரு பள்ளம் விடாமல் வந்தது. அது வானத்திலிருந்து வந்ததல்ல. டிடெக்டருக்குள் இருக்கும் அயோடின் செய்கிற வேலை. மங்கலான வெடிப்பில் இரைச்சலோடு இரைச்சலாக மறைந்துவிடும். இங்கே ஃபோட்டான்கள் அவ்வளவு இருந்ததால் கருவியின் சின்னக் குறைகூட வெளியே வந்து நின்றது. 30 முதல் 40 வரை உள்ள பகுதியை விலக்கிவிட்டுத்தான் எல்லோரும் செய்கிறார்கள். நானும் அப்படியே செய்தேன்.

கடைசியில் நான் பொருத்தியது முதல் மேட்டையும், 280 நொடிக்குப் பிந்தைய பகுதியையும்தான். நடுவிலுள்ள உச்சிக்குச் சீனாவின் கீகாம்-சி என்ற விண்வெளிக் காமா கதிர்க் கருவியின் வெளியான முடிவுகளை மேற்கோள் காட்டினேன். அன்று அது இயங்கிக்கொண்டிருந்த முறை தற்செயலாகக் கைகொடுக்க, திணறாமல் முழுதாகப் பதிவு செய்திருந்தது. வைவாவில், "முக்கியமான பகுதியை விட்டுட்டு என்னப்பா ஆராய்ச்சி?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். பதிலுக்கு 2024இல் வெளிவந்த ஒரு கட்டுரையைக் காட்டினேன். 280 முதல் 320 நொடிவரை, அதாவது ஒதுக்கப்பட்ட பகுதி முடிந்த கையோடு, 12 மெகா எலக்ட்ரான் வோல்ட் அருகே நிறமாலையில் ஒரு தனிக் கோடு (குறிப்பிட்ட ஆற்றலில் மட்டும் கூடித் தெரியும் ஒளி) இதே ஜிபிஎம் தரவில் இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் மோதி அழிவதால் வந்த ஒளி, வெடிப்பிலிருந்து பீறிடும் தாரையின் வேகத்தால் ஆற்றல் கூடித் தெரிகிறது என்பது அவர்கள் விளக்கம். என் பிஜிஓ வரைபடத்திலும் அந்த இடத்தில் புள்ளிகள் லேசாக மேலே தூக்கிக்கொண்டுதான் நிற்கின்றன. அந்தத் தனிக் கோட்டைச் சேர்த்தும் சேர்க்காமலும் மறுபடி பொருத்திப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் மேடம். அது இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது.