மாமாவின் மஞ்சள் கப்

ஜூன் 14, 2025, சனி – சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

கடையில் ஆடிக் கூழ் பூசை பேனர்கள் குவிந்து கிடக்கிற நேரம் பார்த்து மாமா வந்தார். பிக்கப் வண்டியின் பின்னால், போர்வை சுற்றி, ரிமோட்டில் பறக்கும் ஒரு மாதிரி விமானம். பைப்பர் கப் ஜே-3. அசலில் இறக்கை நுனிக்கு நுனி 10.74 மீட்டர், இது ஆறில் ஒரு பங்கு, 1.79 மீட்டர். பால்சாக் கட்டையில் சட்டம் கட்டி, மஞ்சள் ஒராக்கவர் ஃபிலிமை அயர்ன் வைத்து இழுத்து ஒட்டியிருக்கிறார். சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்த கை, வேலையில் அது தெரிகிறது.

“என்னம்மா, ஊர்ல இருக்கிற டாக்ஸிக்கெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டுற, மாமாவுக்கு ஒட்ட மாட்டியா?”

இரண்டு பக்கமும் கறுப்பு மின்னல் கோடு, வாலில் கரடிக்குட்டி, அப்புறம் பதிவெழுத்து. 1938 முதல் 1947 வரை பைப்பர் கம்பெனி செய்த கப் என்றாலே எல்லோருக்கும் நினைவு வருவது இந்த மஞ்சளும் கறுப்பும்தான். மறுக்க முடியுமா?

ஜூன் 16, திங்கள்

இளைஞர் தினம், கடை மூடல். நிம்மதியாக வினைல், அதாவது ஸ்டிக்கர் வெட்டும் பிளாஸ்டிக் தாள், தேர்வு செய்ய முடிந்தது.

டாக்ஸிக் கதவுக்குப் போடும் சாதா வினைல் உருளைகளுக்கு நடுவே நசுக்கித் தகடாக்கியது. இழுபட்ட ஞாபகம் அதற்குள்ளேயே இருக்கும். வெயில் பட்டால் மெல்லச் சுருங்கி, ஓரத்தில் பசைக் கோடு தெரியும். காஸ்ட் வினைல் அப்படியில்லை. குழம்பாக ஊற்றிக் காயவைத்தது என்பதால் வளைவுக்கு இணங்கிப் போகும். கப்பின் மூக்கு எல்லாப் பக்கமும் உருண்டது. அங்கே காஸ்ட்தான் சரி. விலை கொஞ்சம் கூட, மாமாவிடம் சொல்லவில்லை.

எடையையும் யோசித்தேன். சாதா வினைல் பசையோடு சதுர மீட்டருக்கு 100 கிராமுக்கு மேலேயே வரும். டாக்ஸிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இங்கே வால் பக்கம் பத்து கிராம் கூடினால், மூக்கு குட்டையாக இருப்பதால், சமன் செய்ய அங்கே அதைப்போல இரண்டு மூன்று மடங்கு ஈயம் வைக்க வேண்டும். கரடிக்குட்டியை ஒரே அடுக்கில் வெட்ட முடிவு.

ஜூன் 19, வியாழன்

பேனர், பேனர், பேனர். சாயங்காலம் பிளாட்டரில் (வினைல் வெட்டும் மெஷின்) கோடுகளை வெட்டினேன். வலது பக்கக் கோட்டைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்ப வேண்டும், எழுத்தைத் திருப்பக் கூடாது.

ஜூன் 22, ஞாயிறு

மாமா வீட்டுக் கராஜில் ஒட்டினோம். முதல் வேலை ஒட்டுவதே அல்ல. தொய்ந்திருந்த ஃபிலிமை எல்லாம் அயர்ன் வைத்து இறுக்கச் சொன்னேன். மேலே வினைல் ஏறிவிட்டால் அப்புறம் அங்கே அயர்ன் வைக்க முடியாது. பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தோம்.

உடல் பின்னால் போகப் போக ஒடுங்குவதால் கீழ் விளிம்பிலிருந்து அளந்தால் கோடு சாய்ந்துவிடும். மூக்கிலிருந்து வாலுக்கு நூல் கட்டி, தள்ளி நின்று கண்ணால் பார்த்துக் குறித்தோம். தண்ணீரில் இரண்டு சொட்டு சன்லைட் பாத்திரச் சோப்புத் திரவம் விட்டு ஃபிலிமிலும் பசையிலும் தெளித்தால், வினைல் உடனே பிடிக்காமல் வழுக்கும். நகர்த்தி நகர்த்திச் சரியான இடத்தில் வைக்கலாம்.

கட்டை இருக்கிற இடத்தில் தண்ணீர் தள்ளும் தகட்டை, ஸ்க்வீஜியை, அழுத்தலாம். இரண்டு சட்டத்துக்கு நடுவே வெறும் ஃபிலிம்தான், அழுத்தினால் உள்ளே குழியும். அங்கே துணி சுற்றிய விரலால், நடுவிலிருந்து ஓரத்துக்கு, மெதுவாகத் தண்ணீரைத் தள்ள வேண்டும். மாமாவுக்குப் பொறுமை இல்லை. வெட்டிய வினைலைத் தாங்கிப் பிடிக்கும் மேல் டேப்பை உடனே உரிக்கப் போனார்; கையைத் தட்டிவிட்டேன். ராத்திரி முழுக்கக் காயட்டும்.

மூக்கில் துண்டுகளை ஓடு வேய்வது போல அடுக்கினேன்: பின் துண்டு முதலில், முன் துண்டு அதன்மேல். காற்று முன்னாலிருந்து வருவதால் விளிம்பைக் கிளப்பாது. வளைவுக்கு ஹேர் ட்ரையர் போதும். ஹீட் கன் காட்டினால் அடியிலிருக்கும் ஃபிலிமே இழுத்துக்கொள்ளும்.

ஜூன் 24, செவ்வாய்

பதிவெழுத்தில் சண்டை. மாமாவுக்கு எல்லாம் அசல்போல வேண்டும். சர்வதேச விதிப்படி இடது இறக்கையின் அடியில், எழுத்தின் தலை முன் விளிம்பைப் பார்த்து, குறைந்தது 50 சென்டிமீட்டர் உயரம். ஆறில் ஒரு பங்கு என்றால் 8.3 சென்டிமீட்டர். தென்னாப்பிரிக்க விமானங்களுக்குரிய இசட்-எஸ், சிறு கோடு, பேத்தி பெயரிலிருந்து மூன்று எழுத்து. அழகுதான். ஆனால் எழுத்துக் கோட்டின் தடிமன் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு, ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. உயரப் போனதும் யாருக்குத் தெரியும்?

நாளும் அப்படி வாய்த்தது. 1995-இல் இதே தேதி, எல்லிஸ் பார்க்கில் ரக்பி உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு முன்னால் கேப்டன் லாரி கே ஒரு 747-ஐ அரங்கத்துக்கு மேலே தாழ ஓட்டிப் போனாரே, அதன் அடியில் ‘குட் லக் பொக்கே’ என்று எழுதியிருந்தது; பொக்கே என்பது நம் ரக்பி அணியின் செல்லப் பெயர். “எழுத்தை யாருக்காக எழுதினாங்க மாமா? கீழே நிக்கிறவங்களுக்குத்தானே?” கேட்டதும் கொஞ்சம் இறங்கி வந்தார். அந்த விமானம், லெபொம்போ, இப்போது ராண்ட் விமான நிலைய அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

இறக்கையின் மேல்பக்கமும் மஞ்சள், கீழ்ப்பக்கமும் மஞ்சள். தூரத்தில் சாயும்போது நம்மை நோக்கித் திரும்புகிறதா, விலகிப் போகிறதா என்று தெரியாது. மாமாவுக்கு எழுபது தாண்டியாயிற்று. கடைசியில் சமரசம்: இடது அடியில் பதிவெழுத்து, வலது அடியில் நுனிக்குப் பக்கத்தில் இரண்டு அகலக் கறுப்புப் பட்டை.

ஜூன் 29, ஞாயிறு

வடக்கே, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே மைதானம். காற்று எழும்பும் முன்பே பறக்க விட்டார். மின்னல் கோடு இரண்டாவது சுற்றிலேயே கண்ணுக்கு மறைந்தது, கரடிக்குட்டி பற்றிக் கேட்கவே வேண்டாம். பட்டைகள் மட்டும் ஒவ்வொரு திருப்பத்திலும் தெரிந்தன. மாமா ஒன்றும் சொல்லவில்லை. இறக்கிய பிறகு நண்பர்களிடம் அதைத்தான் முதலில் காட்டினார்.

எண்ணெய் கலந்த எரிபொருளில் ஓடும் குளோ எஞ்ஜின் என்பதால் புகையோடு எண்ணெயும் வழிகிறது. சைலன்சருக்குப் பின்னால் கோட்டின் கூர்முனை ஒன்று லேசாக எழும்பியிருக்கிறது. கூர்முனை அங்கே நிற்காது, வட்டமாக வெட்ட வேண்டும். மேல்பக்கத்துக்கும் அதே பட்டை வேண்டுமாம். கூடவே கூடாது என்றேன், மேலும் கீழும் ஒன்றானால் போட்டதே வீண். பேனர் வேலை முடியட்டும், அந்த முனையை மட்டும் மாற்றித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.