ஒரு பக்கத்துக்குள் ஒரு வாழ்க்கை: சேலம் நாட்குறிப்பு

ஜூலை 11, 2025, வெள்ளி

எங்கள் பகுதி வாசகசாலையின் சுவரில் மறைந்த பெரியோர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை வைப்பதென்று முடிவாகி, எழுதும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. ஒருவருக்கு ஒரு பக்கம்தான். முதியவர்களும் படிக்கும்படி எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். சேலத்தோடோ சேர்வராயன் மலையோடோ தொடர்பு இருக்க வேண்டும். நிபந்தனை இவ்வளவே.

பொருளாளர் ஏற்கெனவே நாளிதழ்களிலிருந்தும் விழா மலர்களிலிருந்தும் பல குறிப்புகளைக் கத்தரித்து ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருந்தார். பிறந்த ஊர், படித்த கல்லூரி, வகித்த பதவி, பெற்ற பட்டம், மறைந்த நாள் என்று எல்லோருடைய வாழ்க்கையும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கின்றன. பெயர்களை இடம் மாற்றி வைத்தாலும் பெரிய வேறுபாடு தெரியாது. ஒருவர் எதற்காகச் சம்பளம் வாங்கினார் என்பதும், இறந்து நூறாண்டு கழித்து எதற்காக நினைக்கப்படுகிறார் என்பதும் பல வேளைகளில் ஒன்றாக இருப்பதில்லை. அந்த இடைவெளியைத்தான் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பொருளாளர் அதற்கு எளிதில் உடன்படுவார் என்று தோன்றவில்லை.

ஜூலை 13, 2025, ஞாயிறு

காலையில் பேருந்தில் ஏற்காட்டுக்குச் சென்றேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே போனபோது மலை முழுவதும் பனிமூட்டமாக இருந்தது. ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் ராபர்ட் புரூஸ் ஃபுட்டுக்கு நினைவுக்கல் இருக்கிறது. இங்கிலாந்தில் பிறந்து, இந்தியாவின் பாதியைக் குதிரையிலும் கால்நடையாகவும் அளந்து, ஏற்காட்டைத் தம் ஊராக்கிக்கொண்டவர் அவர்.

அவருடைய பதவிக் குறிப்பு மிகச் சுருக்கமானது. 1858-ல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். 1891-ல் ஓய்வு பெற்றார். பிறகு பரோடா, மைசூர் சமஸ்தானங்களுக்காக நிலவியல் பணி செய்தார். 1912 டிசம்பரில் கல்கத்தாவில் காலமானார். பாறைகளை வரைபடமாக்குவதும், எங்கே எந்தக் கனிமம் கிடைக்கும் என்று அறிக்கை அனுப்புவதும்தான் துறை அவருக்குக் கொடுத்த வேலை. அந்த வேலையையும் அவர் குறைவறச் செய்தார். சேலம், திருச்சி, தஞ்சை, தென்னார்க்காடு பகுதிகளின் நில அமைப்பைப் பற்றி அவரும் வில்லியம் கிங்கும் சேர்ந்து எழுதிய அறிக்கை 1864-ல் வெளிவந்தது.

ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு, 1863 மே 30 அன்று, சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் சரளை மண் தோண்டிய குழி ஒன்றில் அவர் கண்ணில் ஒரு கல் பட்டது. மனிதக் கை செதுக்கிய கோடரி என்று அதை அடையாளம் கண்டபோது அவருக்கு இருபத்தெட்டு வயது. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் கிங்கும் கொசஸ்தலை ஆற்றுப் பக்கத்தில் உள்ள அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டார்கள். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு அசைக்க முடியாத சான்று அப்படித்தான் கிடைத்தது. பாறை தேடப் போன இடங்களில் எல்லாம் வாழ்நாள் முழுவதும் கற்கருவிகளையும் பானை ஓடுகளையும் சேர்த்துக்கொண்டே இருந்தார். அந்தத் தொகுப்பு 1904-ல் சென்னை அருங்காட்சியகத்துக்குச் சேர்ந்தது. அதைப் பற்றி அவர் எழுதிய இரண்டு நூல்களும் அவர் இறந்த பிறகு, 1914-லும் 1916-லும்தான் அச்சாயின.

கதை அதோடும் நிற்கவில்லை. அத்திரம்பாக்கத்தில் தொல்லியல் ஆய்வாளர் சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் மீண்டும் அகழ்ந்து, அங்குள்ள கருவிகளின் வயது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-ல் அறிவித்தார்கள். இறந்து நூறாண்டு நெருங்கும் வேளையில் ஒருவருடைய கண்டுபிடிப்பு மேலும் பழமையாகிறது என்றால், ‘மறைந்த நாள்’ என்னும் வரியோடு அவருடைய குறிப்பை முடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஜூலை 16, 2025, புதன்

ஃபுட்டின் பக்கத்திலேயே அவருடைய முதல் மனைவியின் தந்தை பீட்டர் பெர்சிவலையும் வைக்க வேண்டும் என்று கேட்டேன். “வெள்ளைக்காரப் பாதிரியாருக்குச் சேலத்துச் சுவரில் என்ன வேலை ஐயா?” என்றார் பொருளாளர். ஏற்காட்டில் 1882-ல் காலமானார் என்பதே நிபந்தனைக்குப் போதும்; எனக்கு அதற்கு மேலும் காரணங்கள் உண்டு.

பெர்சிவல் யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் சங்கத்தின் பாதிரியார். பைபிளைத் தமிழாக்குவது அவர் ஏற்ற பெரும்பணி. அதற்குத் துணையாக இருந்தவர், அவருடைய பள்ளியில் படித்து அங்கேயே ஆசிரியரான ஓர் இளைஞர். பிற்காலத்தில் சைவத்தின் காவலராக எழுந்து, பாதிரிமாரின் பிரசாரத்தை எதிர்த்து நின்ற ஆறுமுக நாவலர்தான் அந்த இளைஞர். 1850-ல் வெளிவந்த அந்த மொழிபெயர்ப்பு திருச்சபைகளில் நிலைபெறவில்லை. பின்னால் ஹென்றி பவர் தலைமையில் வந்த பதிப்பே பரவியது. பாதிரியார் என்ற கணக்கில் பார்த்தால் அவருடைய தலையாய உழைப்பு பயன்படாமல் போயிற்று என்றுதான் எழுத வேண்டும்.

பின்னர் சென்னைக்கு வந்து, மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். 1855-ல் ‘தினவர்த்தமானி’ என்னும் இதழைத் தொடங்கினார். அதை நடத்தித் தரும்படி யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவரை அழைத்தார். அப்படிச் சென்னைக்கு வந்த சி. வை. தாமோதரம் பிள்ளை, 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. தேர்வில் தேறினார், பிறகு கலித்தொகையையும் தொல்காப்பிய உரைகளையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். நாவலர், தாமோதரம் பிள்ளை என்னும் இருவருடைய இளமையிலும் பெர்சிவலின் கை இருக்கிறது. அவர் திட்டமிடாத திசையில் இருவரும் போனார்கள் என்பதுதான் இதில் சுவை.

அவர் திரட்டிய பழமொழித் தொகுப்பின் 1874-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகள் உள்ளன. சமயப் பரப்புரைக்கு வந்தவர் சந்தையிலும் திண்ணையிலும் புழங்கிய பேச்சை இப்படி அள்ளி வைத்துவிட்டுப் போனதை நான் பெரிதாகவே கருதுகிறேன். பொருளாளர் அரை மனத்தோடு இசைந்தார்.

ஜூலை 22, 2025, செவ்வாய்

ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பணியில் இருந்தவர். சேலத்து இரும்பைக் கண்டு மயங்கி வேலையை விட்டவர். இங்குள்ள இரும்புத் தாதுவையும் காட்டு மரக்கரியையும் நம்பி 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் ஆலை வைத்தார். தாதுவின் தரத்தில் குறையே இல்லை. ஆனால் மரக்கரிக்காகக் காடுகளை அழித்துக்கொண்டே ஓர் ஆலையை எத்தனை காலம் நடத்த முடியும்? லாபம் காணாமலே போயிற்று.

இங்கிலாந்துக்குத் திரும்பிய ஹீத், உருக்கில் மாங்கனீசைச் சேர்க்கும் முறைக்கு 1839-ல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு ஆலைகளுக்கு அதனால் வந்த லாபம் மிகப் பெரியது. ஆனால் அவருடைய முகவராக இருந்த அன்வின் என்பவர், கரியையும் மாங்கனீசு ஆக்சைடையும் தனித்தனியாக உலையில் இட்டால் அதே பயன் மலிவாகக் கிடைக்கும் என்று கண்டு, காப்புரிமைக்கு வெளியே போய்விட்டார். வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. ஹீத் 1851-ல் இறந்தார். அன்று இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையின் இறுதித் தீர்ப்பு 1855-ல் அவருக்கு எதிராக வந்தது.

இவருக்குச் சுவரில் இடம் கிடைக்கவில்லை. “தோற்றவரைப் பார்த்துப் பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்வார்கள்?” என்று கேட்டார்கள். கஞ்சமலை அடிவாரத்தில் 1970-ல் உருக்காலைக்கு அடிக்கல் நாட்டப்படும் வரை இந்த ஊர் இரும்பைப் பற்றிக் கண்ட கனவுக்கெல்லாம் முன்னோடி அவர்தான் என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. எழுதிய பக்கம் என் கோப்பில் இருக்கிறது.

ஜூலை 30, 2025, புதன்

கோட்டை மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழாக் கூட்டத்தால் வாசகசாலைக்கு யாரும் வரவில்லை. வேலை நடக்கவில்லை.

ஆகஸ்ட் 4, 2025, திங்கள்

சேலம் சி. விஜயராகவாச்சாரியாரைப் பற்றி எழுதும்போது மிகுந்த கவனம் தேவைப்பட்டது. பொருளாளர் கொடுத்த நறுக்கில், 1920 நாக்பூர் காங்கிரஸ் மாநாட்டின் தலைவர், சட்டமன்ற உறுப்பினர், 1944-ல் மறைவு என்று வரிசையாக இருந்ததே தவிர, 1882 பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்த ஆண்டை விட்டுவிட்டால் இந்த மனிதர் விளங்கமாட்டார்.

செங்கல்பட்டுச் சீமையில் 1852-ல் பிறந்து, சேலத்துக்கு ஆசிரியராக வந்து, 1882-ல் நகரசபை உறுப்பினரானவர் அவர். அதே ஆண்டு செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மசூதியையும் ஊர்வலப் பாதையையும் பற்றி எழுந்த தகராறு பெருங்கலவரமாக முடிந்தது. இரு சமயத்தாரும் அதில் இழந்தார்கள். கலவரத்தைத் தூண்டினார் என்று அவர்மீது குற்றம் சாட்டி, பத்தாண்டுத் தீவாந்தர தண்டனை (கடல் கடந்த தீவுக்கு நாடுகடத்தல்) விதித்தார்கள். உயர்நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. அரசு பறித்த நகரசபைப் பதவிக்காகவும் அவர் வாதாடினார். ‘சேலத்து வீரர்’ என்னும் பெயர் அங்கேதான் பிறந்தது. தம்மேல் விழுந்த வழக்கிலிருந்தே அவருக்குச் சட்டத்திலும் பொதுவாழ்விலும் நிலையான இடம் உண்டாயிற்று.

கலவரத்தைப் பற்றி எழுதினால் பழைய புண்ணைக் கிளறுவதாகாதா என்று ஒருவர் கேட்டார். யார் பக்கமும் சாயாமல் நான்கு வாக்கியங்களில் சொல்லிவிடலாம். சொல்லாமல் விட்டால் படிப்பவர்களே கற்பனையால் நிரப்பிக்கொள்வார்கள் என்றேன்.

நாக்பூரைப் பற்றியும் ஒரு வரி கூடுதலாக எழுதினேன். காந்தியடிகளின் ஒத்துழையாமைத் தீர்மானம் உறுதிப்பட்ட மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய இவருக்கே அந்தத் திட்டத்தில் முழு உடன்பாடு இல்லை. பெண்கள் பருவம் எய்திய பின்பே மணம் செய்விக்க வேண்டும், தந்தையின் சொத்தில் மகளுக்கும் பங்கு வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே வாதிட்டவர் என்பதையும் சேர்த்தேன். பதவிகளில் பாதியை அதற்காக நீக்க வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 10, 2025, ஞாயிறு

ராஜாஜிக்குப் பதவிகளை எழுதத் தொடங்கினாலே பக்கம் தீர்ந்துவிடும். இந்தியாவின் கடைசி கவர்னர் ஜெனரல் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே சேலத்தில் 1900-ல் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கியவராகவும், 1917 முதல் 1919 வரை நகரசபைத் தலைவராக இருந்தவராகவும் மட்டும் அவரை எழுதுவது என்று தீர்மானித்தேன். ராசிபுரத்துக்காரரான டாக்டர் வரதராஜுலு நாயுடுவின்மேல் அரசு தொடுத்த ராஜத்துரோக வழக்கில் அவர் வாதாடியதும் அந்தக் காலத்தில்தான்.

அவர் மாகாணப் பிரதமரானதும் (முதலமைச்சரை அன்று அப்படித்தான் அழைத்தார்கள்) சேலத்தைத்தான் சோதனைக் களமாக்கினார். 1937 அக்டோபர் 1 முதல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. அன்றைய ஜில்லா இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அடங்கிய பெரும்பரப்பு. கள், சாராய வருவாயை இழந்த அரசு வேறு வழி தேடியபோது, 1939-ல் பொது விற்பனை வரி பிறந்தது. இன்று நாம் கடையில் வாங்கும் பொருளின் ரசீதில் வரி என்று ஒரு வரி இருக்கிறதே, அதன் வேர்களில் ஒன்று இந்த ஜில்லாவின் கள்ளுக்கடைகளை மூடியதில் இருக்கிறது. இதைப் படித்ததும் பொருளாளர், வணிகர் என்ற முறையில், நெடுநேரம் சிரித்தார்.

ஆகஸ்ட் 21, 2025, வியாழன்

குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் பி. சுப்பராயனின் பக்கம் முடிந்தது. 1926-ல் சென்னை மாகாண முதலமைச்சர், 1962-ல் மறையும்போது மகாராஷ்டிர ஆளுநர். அவருடைய பிள்ளைகளில் ஒருவர் ராணுவத் தலைமைத் தளபதி; ஒருவர் கம்யூனிஸ்டாக இருந்து பின்னர் மத்திய அமைச்சராகி 1973 விமான விபத்தில் மறைந்தவர்; மகள் கம்யூனிஸ்ட் நாடாளுமன்ற உறுப்பினர். தந்தையின் பக்கத்தைப் பிள்ளைகளே நிரப்பிவிட்டார்கள்.

ஆகஸ்ட் 30, 2025, சனி

கடைசிப் பக்கம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரத்துக்கு. இவரைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் ஏதாவது தெரியும் என்பதால், எழுதுவது இருப்பதிலேயே கடினமாக இருந்தது. ஏற்காடு சாலையில் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவாயில் வளைவைப் பார்க்காதவர் சேலத்தில் இல்லை.

நூல் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளையாக நெசவுத் தொழில் படிப்பதற்கு இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக்குப் போனவர், திரும்பி வந்து 1935-ல் படப்பிடிப்பு நிலையம் கண்டார். நெசவு வீணாகவில்லை என்பது என் கணிப்பு: மற்றவர்கள் சினிமாவைச் சூதாட்டமாக நடத்திய காலத்தில் இவர் அதை ஓர் ஆலையாக நடத்தினார். நடிகர், எழுத்தாளர், தொழிலாளர் என்று பலரும் மாதச் சம்பளக்காரர்கள். குறித்த நேரத்தில் வேலை தொடங்க வேண்டும். கதைக்கென்று தனியாகக் கதை இலாகாவே உண்டு. மு. கருணாநிதியும் கண்ணதாசனும் இளமையில் இங்கே சம்பளத்துக்கு எழுதியவர்கள்தாம்.

பொருளாளர் ‘முதல்’களின் பட்டியல் ஒன்றைக் கொடுத்தார். மலையாளத்தின் முதல் பேசும்படம் ‘பாலன்’ (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956), மலையாளத்தின் முதல் வண்ணப்படம் ‘கண்டம் பெச்ச கோட்டு’ (1961). மூன்றும் உண்மை, மூன்றையும் ஒரே வாக்கியத்தில் வைத்தேன். எனக்கு வேறொன்று முக்கியமாகப் பட்டது. நிலையத்தின் நூறாவது படமான ‘கொஞ்சும் குமரி’யில், அதுவரை நகைச்சுவை வேடங்களுக்கே அழைக்கப்பட்ட மனோரமாவைக் கதாநாயகியாக்கினார். அது வெளிவந்த 1963-ஆம் ஆண்டு ஆகஸ்டிலேயே சுந்தரம் காலமானார். தமக்கு எல்லாம் நிலைபெற்ற பிறகும் ஒருவர் இப்படித் துணிகிறார் என்பது எந்த ‘முதல்’ பட்டியலிலும் வராது.

பக்கம் நிரம்பிவிட்டதால், மனோரமாவுக்கு இடம் கொடுக்கச் சுந்தரத்தின் பிறந்த தேதியையும் ஊரையும் நீக்கினேன். பிறந்த ஆண்டாவது இருக்கட்டும் என்றார் பொருளாளர். 1907 என்று சேர்த்தேன். அச்சகத்துக்குத் திங்கட்கிழமை போகிறது.