பிராம்ஸா, சாய்கோவ்ஸ்கியா: கேட்டுக்கொண்டே எழுதியது

ஏப்ரல் 26

மே 7 வருவதற்குள் இந்த வழக்கை ஒரு பக்கமாகத் தீர்த்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்கு பிராம்ஸுக்கும் பிறந்தநாள், சாய்கோவ்ஸ்கிக்கும் பிறந்தநாள். அவர் 1833இல் ஹாம்பர்கில், இவர் 1840இல் ரஷ்யாவின் வோட்கின்ஸ்கில். ரொமான்டிக் காலத்து இசை (19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய இசை) கேட்கிற யாரிடம் இந்த இருவரைப் பற்றிப் பேச்செடுத்தாலும் தயாராக ஒரு பதில் வந்து விழும்: பிராம்ஸ் மூளை, சாய்கோவ்ஸ்கி மனசு. ஒருவர் கணக்குப் போட்டு எழுதுவார், இன்னொருவர் அழுதுகொண்டே எழுதுவார். கேட்கக் கச்சிதமாகத்தான் இருக்கிறது, ஆனால் என் காதுக்கு பாதி நேரம் இது தலைகீழாகக் கேட்கிறது. ஏன் என்று இங்கே எழுதிப் பார்க்கிறேன். நடுவில் ஷூமன், ஷோபான் என்று வழி தப்பினால் தப்பட்டும்.

ஏப்ரல் 28

முதலில் வயலின் கன்செர்ட்டோக்கள், அதாவது ஒரு வயலின்காரரும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கிறவை. இரண்டும் 1878இல் எழுதப்பட்டவை, இரண்டும் டி மேஜர், இரண்டும் ஏரிக்கரையில் பிறந்தவை. சாய்கோவ்ஸ்கி ஸ்விட்சர்லாந்தின் கிளாரன்ஸில், ஜெனீவா ஏரிக்கரையில் இருந்தார். முந்தைய வருடம் செய்துகொண்ட கல்யாணம் சில வாரங்களிலேயே நாசமாகிப் போய், ஊரை விட்டு வந்திருந்தவர். கோட்டெக் என்ற இளம் வயலின்காரர் பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்ட, ஒரு மாதத்துக்குள் மொத்தத்தையும் முடித்துவிட்டார். மெதுவான நடு மூவ்மெண்ட் (பெரிய இசையின் ஒரு பகுதி) சரிப்படவில்லை என்று தோன்றியதும் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று எழுதினார், அதுதான் இப்போது நாம் கேட்கிற கன்ஸோனெட்டா.

அதே வருடக் கோடையில் பிராம்ஸ் ஆஸ்திரியாவில் வோர்ட்டர் ஏரிக்கரையில் பெர்ட்ஷாக் என்ற ஊரில் இருந்தார். வயலின் பகுதியை நண்பரும் வயலின் வித்வானுமான யோவாகிமுக்கு அனுப்பி, எது வாசிக்கக் கஷ்டம், எது நடக்காது என்று கேட்டுக் கேட்டு எழுதினார் (கேட்டார் என்பது உண்மை, சொன்னதையெல்லாம் மாற்றினார் என்று சொல்ல முடியாது). முதலில் நான்கு மூவ்மெண்ட்டாகத் திட்டம். பிறகு நடுவில் இருந்த இரண்டையும் எடுத்துவிட்டு, "பாவப்பட்ட ஒரு அடாஜியோ" (மெதுவான பகுதி) வைத்திருக்கிறேன் என்கிற தோரணையில் யோவாகிமுக்கே கடிதம் எழுதினார். 1879 ஜனவரி 1 அன்று லைப்சிக்கில் யோவாகிம் வாசிக்க, பிராம்ஸே நடத்தினார்.

அந்தப் பாவப்பட்ட அடாஜியோதான் எனக்கு வேண்டும். ஆரம்பத்தில் காற்று வாத்தியங்கள் மட்டும், அதில் ஓபோ ஒரு நீளமான மெட்டை எடுத்து நிதானமாகப் பாடி முடிக்கும். அதுவரை வயலின்காரர் வில்லைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்க வேண்டும். சரசாத்தே என்ற வயலின் வித்வான் இதை வாசிக்க மறுத்ததாகச் சொல்வார்கள், நல்ல மெட்டை ஓபோ வாசிக்கும்போது நான் கையில் வயலினோடு சும்மா நிற்பதா என்று. அவர் நியாயம் அவருக்கு. ஆனால் அப்புறம் வயலின் உள்ளே வரும்போது அந்த மெட்டை அப்படியே திருப்பிப் பாடுவதில்லை, அதை நினைத்துப் பார்க்கிற மாதிரி சுற்றிச் சுற்றி வருகிறது. கணக்குப் பிள்ளை எழுதுகிற இசையா இது?

ஏப்ரல் 29

இன்று வேலை அதிகம். பஸ்ஸில் கன்ஸோனெட்டா மட்டும். அது முடிந்து நிறுத்தாமல் கடைசி மூவ்மெண்ட்டுக்குள் பாயும் இடத்தில் என் நிறுத்தம் வந்துவிட்டது, இறங்கவே மனசில்லை.

ஏப்ரல் 30

சாய்கோவ்ஸ்கி கன்செர்ட்டோ மேடையேறிய கதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். பீட்டர்ஸ்பர்கில் பெரிய வித்வானாக இருந்த லியோபோல்ட் ஆவர், இந்த வடிவில் வாசிக்க முடியாது என்று ஒதுக்கிவிட்டார். மூன்று வருடம் சும்மா கிடந்தது. கடைசியில் 1881 டிசம்பரில் வியன்னாவில் அடால்ஃப் பிராட்ஸ்கி வாசித்தார். விமர்சகர் ஹான்ஸ்லிக், காதுக்கே நாற்றம் அடிக்கிற இசையும் உண்டோ என்று சந்தேகம் வருகிறது என்று எழுதிவிட்டார். இந்த ஹான்ஸ்லிக் பிராம்ஸின் நெருங்கிய நண்பர் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அந்த வரி சாய்கோவ்ஸ்கிக்கு வெகுநாள் ஆறவில்லை. ஆவர் பிறகு மனம் மாறித் தானும் வாசித்து, மாணவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்.

ஒரு விஷயம் மட்டும். முதல் மூவ்மெண்ட்டில் கடென்சா (வயலின்காரர் தனியாக வாசிக்கிற இடம்) வழக்கம்போலக் கடைசியில் வராமல் நடுவிலேயே வந்துவிடுகிறது. மெண்டல்சன் தன் இ மைனர் கன்செர்ட்டோவில் ஏற்கனவே செய்த ஏற்பாடுதான். அது முடிகிற இடத்தில் புல்லாங்குழல் மெதுவாக முதல் மெட்டைத் திரும்ப எடுக்கும். அழுதுகொண்டே எழுதுகிறவர் இவ்வளவு யோசித்து இடம் பார்த்து வைப்பாரா?

மே 1

பியானோ சொல்லிக்கொடுக்கிற அக்கா ஒருவர் இதையெல்லாம் படித்துவிட்டு போன் செய்தார். "தம்பி, ரெண்டு பேரையும் விட்டுட்டு ஷோபான் கேளுங்க. ஒரு பக்கத்துல சொல்லி முடிப்பார், உங்க ஆளுங்க ஒரு மணி நேரம் எடுத்துப்பாங்க." மறுத்துப் பேச முடியவில்லை. ஓபஸ் 28 (ஓபஸ் என்றால் படைப்பு எண்) தொகுப்பில் நான்காவது பிரெலூட் என்ற குட்டிப் பியானோ இசை, இ மைனர், நிஜமாகவே ஒரு பக்கம்தான். வலது கை கிட்டத்தட்ட இரண்டே சுரங்களில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், இடது கையில் அடிக்கிற கார்டுகளோ (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்) ஒவ்வொரு விரலாக அரை சுரம் இறங்கிக்கொண்டே போகும். மேலே எதுவும் நடக்கவில்லை, கீழே தரை நழுவுகிறது. 1849இல் பாரிஸில் அவருடைய இறுதிச் சடங்கில் இதை ஆர்கனில் வாசித்தார்கள்.

மதிப்பு உண்டு, ஆனாலும் என் பிரியம் ஷூமன் பக்கம். இருவரும் 1810இல் பிறந்தவர்கள். ஷூமன் 1831லேயே ஷோபானைப் பற்றி, தொப்பியைக் கழற்றுங்கள், இவர் ஒரு மேதை என்று எழுதியவர். கிரைஸ்லரியானா என்ற பியானோ இசையை அவருக்கே சமர்ப்பணமும் செய்தார். ஷோபான் பதிலுக்குத் தன் இரண்டாவது பல்லாட் என்ற பியானோ இசையைச் சமர்ப்பித்தார், ஆனால் ஷூமன் இசை அவருக்குப் பெரிதாகப் பிடித்ததாகத் தெரியவில்லை. இந்த ஒருதலைப் பிரியத்தைப் பார்த்தாலே ஷூமன் கட்சியில் சேரத் தோன்றும். மே மாதம் பிறந்துவிட்டதால் ஷூமனின் டிஷ்டர்லீபே போட்டேன். 1840இல் கிளாராவோடு கல்யாணம் நடக்கப் போகிற வருடத்தில் ஹைனேயின் கவிதைகளுக்கு எழுதிய 16 பாட்டுகள். முதல் பாட்டே அழகான மே மாதத்தைப் பற்றியது. அதன் கடைசி கார்டு முடிவுக்கு வராது, அடுத்து எங்கேயோ போக வேண்டும் என்று நிற்கும், போகாது. கேட்டுவிட்டு அக்காவுக்கு அனுப்பினேன். "சரி, இது நல்லாதான் இருக்கு" என்று மட்டும் பதில்.

மே 3

சாய்கோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனி. இதை அவர் 1893 அக்டோபர் 28 அன்று பீட்டர்ஸ்பர்கில் தானே நடத்தினார், ஒன்பது நாளில் இறந்துபோனார். அதனால் எல்லோரும் இதை மரண சாசனமாகவே கேட்கிறார்கள். அந்தக் கண்ணீரைக் கொஞ்சம் துடைத்துவிட்டு ஸ்கோரை (எல்லா வாத்தியங்களுக்கும் எழுதிய சுரப் புத்தகத்தை) திறந்து பாருங்கள்.

கடைசி மூவ்மெண்ட், அடாஜியோ லாமெந்தோஸோ. ஆரம்பத்தில் வயலின்களில் ஒரு மெட்டு இறங்கி வருவது காதுக்குத் தெளிவாகக் கேட்கும். ஆனால் ஸ்கோரில் அந்த மெட்டை யாருமே வாசிப்பதில்லை. ஒரு சுரம் முதல் வயலின்கள், அடுத்த சுரம் இரண்டாம் வயலின்கள் என்று மாற்றி மாற்றிப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். தனியாக ஒரு பக்கத்தை மட்டும் வாசித்தால் கோணல்மாணலாகத் தாவுகிற சுரங்கள்தான் வரும், இரண்டும் சேர்ந்தால் மட்டும்தான் அந்தத் துக்கம். அந்தக் காலத்தில் முதல் வயலின்கள் இடப்பக்கமும் இரண்டாம் வயலின்கள் வலப்பக்கமும் எதிரெதிராக உட்காருவது வழக்கம், ஆகவே மெட்டு மேடையின் குறுக்கே ஊசலாடியிருக்கும். அதே மெட்டு பிறகு திரும்ப வரும்போது முதல் வயலின்களிடம் முழுசாகக் கொடுத்துவிடுகிறார். இதை ஹெட்போனில், வயலின்களை இரண்டு பக்கமும் பிரித்து உட்கார வைத்த பதிவில் கேட்டுப் பாருங்கள், ஒரு சுரம் இந்தக் காதில், ஒரு சுரம் அந்தக் காதில்.

இரண்டாவது மூவ்மெண்ட் வால்ட்ஸ் மாதிரி சுழல்கிறது, ஆனால் ஐந்து எண்ணிக்கை. இரண்டும் மூன்றுமாகப் பிரிவதால் நம் கண்ட சாபு தெரிந்தவர்கள் தொடையில் தட்டிக்கொண்டே கேட்கலாம். முதல் மூவ்மெண்ட்டில் பஸூன் என்ற காற்று வாத்தியம் அடங்குகிற இடத்தில் சன்னமாக வாசிக்கச் சொல்லும் 'பி' குறி ஆறு முறை எழுதியிருக்கிறார். பஸூனால் அவ்வளவு சன்னமாக வாசிப்பது சிரமம் என்று பல ஆர்கெஸ்ட்ராக்கள் அந்தச் சில சுரங்களை பாஸ் கிளாரினெட்டுக்குக் கொடுத்துவிடுகின்றன. மூன்றாவது மூவ்மெண்ட் வெற்றி முழக்கமாக முடிவதால் கச்சேரி முடிந்தது என்று கைதட்டிவிடுவார்கள், இன்றும் நடக்கிறது. தட்டட்டும், அப்படித் தட்ட வைக்கிற மாதிரிதான் எழுதியிருக்கிறார். இதற்குப் பிறகும் இவரை வெறும் மனசு என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ளப் போவதில்லை.

மே 5

பிராம்ஸின் மூன்றாவது சிம்பொனி, 1883. நான்கு மூவ்மெண்ட்டும் சத்தமில்லாமல் முடிகின்றன. கைதட்டல் வாங்க வேண்டும் என்றால் யாரும் இப்படி எழுத மாட்டார்கள். ஆரம்பத்தில் இடி மாதிரி இறங்கின மெட்டு கடைசிப் பக்கத்தில் வயலின்களில் நடுக்கமாகத் திரும்ப வந்து கரைகிறது. பெருமூச்சு விடுகிற இசை இது, மறைத்து விடுகிற பெருமூச்சு.

மறைப்பது அவருக்குப் பழக்கம். முதல் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்களை (நான்கு தந்தி வாத்தியங்களுக்கான இசை) 1873இல் வெளியிடுவதற்கு முன் சுமார் 20 குவார்ட்டெட்கள் எழுதி அழித்துவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். முதல் சிம்பொனி மேடைக்கு வந்தது 1876இல், வயது 43. நான்காவது சிம்பொனியின் முடிவில் எட்டு பார் (தாளக் கட்டம்) நீளமுள்ள ஒரே வரியை வைத்துக்கொண்டு 30 மாறுபாடுகள். டிராம்போன்காரர்கள் மூன்று மூவ்மெண்ட் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், இந்த இடத்துக்காகத்தான். நடுவில் எல்லாம் அடங்கி புல்லாங்குழல் மட்டும் தனியாக வரும். எட்டு பார் கட்டுக்குள் இருந்துகொண்டே அது எப்படி இவ்வளவு தடுமாறி, மூச்சு வாங்கி வாங்கிப் பாடுகிறது என்று எனக்கு ஒவ்வொரு முறையும் ஆச்சரியம்.

அப்புறம் 1893இல் வந்த பியானோத் துணுக்குகள், ஓபஸ் 118, ஷூமனின் மனைவி கிளாராவுக்குச் சமர்ப்பணம். கிளாராவுக்கு அப்போது 70 தாண்டிவிட்டது. இரண்டாவது இன்டர்மெட்ஸோவின் நடுப்பகுதியில் மேலே ஒரு குரல் பாட, உள்ளே இன்னொரு குரல் சற்றுத் தாமதமாக அதையே பின்தொடர்ந்து பாடும். கேனன் என்று பாடப்புத்தகத்தில் பெயர். நாற்பது வருடம் கிளாராவை மனசால் பின்தொடர்ந்த மனிதர் எழுதினார் என்று தெரிந்தால் பாடப்புத்தகம் மறந்துபோகும்.

மே 7

இருவருக்கும் வாழ்த்து. அவர்களுக்குள் வாழ்த்து இருந்ததா என்றால், 1886இல் சாய்கோவ்ஸ்கி தன் டைரியில் பிராம்ஸை அயோக்கியன், திறமையே இல்லாதவன் என்கிற அளவுக்குத் திட்டி வைத்திருக்கிறார். டைரி எழுதுகிறவர்களுக்கு அந்தச் சுதந்திரம் உண்டு.

அப்படிப்பட்டவர்கள் 1888 புத்தாண்டு அன்று லைப்சிக்கில் நேரில் சந்தித்தார்கள். இடம் யார் வீடு? அதே பிராட்ஸ்கி வீடு. நார்வே இசையமைப்பாளர் கிரீகும் அவர் மனைவி நினாவும் வந்திருந்தார்கள். சாப்பாட்டு மேசையில் நினா இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தவர், இந்த இரண்டு பேருக்கும் நடுவில் என்னால் உட்கார முடியாது என்று எழுந்துவிட, எனக்கு அந்தத் தைரியம் இருக்கிறது என்று கிரீக் போய் உட்கார்ந்தாராம். பிராட்ஸ்கியின் மனைவி ஆன்னா எழுதி வைத்த கதை. சந்தித்த பிறகு சாய்கோவ்ஸ்கிக்கு பிராம்ஸ் என்ற மனிதர் பிடித்துப்போனார், இசை மட்டும் கடைசி வரை பிடிக்கவில்லை. அடுத்த வருடம் ஹாம்பர்கில் சாய்கோவ்ஸ்கியின் ஐந்தாவது சிம்பொனி ஒத்திகையைக் கேட்பதற்காகவே பிராம்ஸ் ஒரு நாள் கூடுதலாகத் தங்கினார். ஒத்திகை முடிந்து சேர்ந்து சாப்பிடும்போது, கடைசி மூவ்மெண்ட் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். எனக்கும் அந்த முடிவு பிடிக்காது. தேவைக்கு மேல் வெற்றி.

மே 9

ஒரே கையில் இரண்டையும் கேட்க ஆசைப்படுகிறவர்களுக்கு: யாஷா ஹைஃபெட்ஸ், ஃபிரிட்ஸ் ரைனர், சிக்காகோ சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா. பிராம்ஸ் கன்செர்ட்டோ 1955, சாய்கோவ்ஸ்கி 1957. வாசிப்பவர், நடத்துபவர், ஆர்கெஸ்ட்ரா எல்லாம் ஒன்று, இசை மட்டும் வேறு. ஹைஃபெட்ஸ் யாருடைய மாணவர் என்று நினைக்கிறீர்கள்? வாசிக்க மாட்டேன் என்று ஒதுக்கின அதே ஆவர். வேகம் கொஞ்சம் அதிகம்தான், பிராம்ஸின் அடாஜியோவில் ஓபோ இன்னும் சற்று மூச்சு விட்டிருக்கலாம் என்று தோன்றியது.

என் தீர்ப்பு: கன்செர்ட்டோவில் பிராம்ஸ், அந்த அடாஜியோவுக்காக. சிம்பொனியில் சாய்கோவ்ஸ்கியின் ஆறாவது, அந்தப் பிரித்துக் கொடுத்த மெட்டுக்காக. பியானோ அக்கா இதற்கும் ஷோபான் என்றுதான் சொல்வார், அவர் சிம்பொனியே எழுதவில்லை என்று நான் சொல்வேன், அதுதான் அவர் பெருமை என்பார். அடுத்த வாரம் லிஸ்டின் பி மைனர் சொனாட்டா பற்றி எழுதுகிறேன். ஷூமனுக்குச் சமர்ப்பணம் செய்து அனுப்பியதை கிளாரா வெறும் இரைச்சல் என்று எழுதினாரே, அது.