ரெண்டு நீல டிக்

இன்னிக்கு வேலைக்குப் போகல. ராத்திரி ரெண்டு மணிக்கு ஆரம்பிச்ச வாந்தி. காலைல எந்திரிச்சு நின்னா கண்ணு இருட்டிக்கிட்டு வருது. ஏழரைக்கு சூப்பர்வைசர் அண்ணனுக்கு வாட்ஸப்புல, "உடம்பு முடியலீங்ணா, இன்னிக்கு ஒருநாள் லீவு வேணுங்க"ன்னு போட்டேன். ரெண்டு நீல டிக் விழுந்துச்சு. பதில் இல்ல.

பொழுதன்னிக்கும் அந்த டிக்கையே பார்த்துட்டுப் படுத்திருக்கேன். எங்க தையல் லைன்ல நான் ஓவர்லாக், அதாவது துணி ஓரத்தைச் சேர்த்துத் தைக்கிற மிஷின். நான் ஓட்டிக் குடுத்தாத்தான் அடுத்து ஃப்ளாட்லாக் மிஷின்ல இருக்கிற அக்காவுக்குப் பீஸ் போகும். இது ஷிப்மெண்ட் வாரம் வேற. திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போறவங்களுக்கு அதுக்கு மேல சொல்ல வேண்டியதில்ல.

சம்பளத்துல 0.75 சதவீதம் இ.எஸ்.ஐ.ங்கிற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடிக்கிறாங்க. டாக்டர் சர்டிபிகேட் குடுத்தா வருசத்துல 91 நாள் வரைக்கும் 70 சதவீத சம்பளம் உண்டு. ஆனா முதல் ரெண்டு நாளுக்குக் கிடையாது. ஒருநாள் முடியாமப் படுத்தவளுக்கு அதுல என்ன இருக்கு? இதை யாராவது மாத்தணும்.

அம்மா சீரகத் தண்ணி வச்சுக் குடுத்துட்டு, "போனைக் கீழ வையி சாமி"ங்கறாங்க. வைக்க முடியல. நாளைக்குப் போறப்ப என் மிஷின்ல வேற ஆள் உக்காந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்.