ஊசியின் அழுத்தத்தைக் குறைத்தால் ரெக்கார்டு பிழைக்குமா?

புதிதாக டர்ன்டேபிள் வாங்கியவர்களில் பலர், ரெக்கார்டு தேய்ந்துவிடக் கூடாது என்று ஊசியின் அழுத்தத்தைக் குறைத்து வைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. அழுத்தம் போதாத ஊசி ரெக்கார்டில் ஒலி பதிந்திருக்கும் பள்ளத்தின் இரு சுவர்களையும் ஒட்டி ஓடாது. சத்தம் ஓங்கும் இடத்தில் ஒரு சுவரை விட்டு எழும்பி, திரும்ப வந்து மோதும். மோதிய இடத்தில் வினைல் சிதையும். அந்தக் கரகரப்பு பிறகு எந்த ஊசியைப் போட்டாலும் போகாது. 1.8 முதல் 2.2 கிராம் வரை என்று தயாரிப்பாளர் சொன்னால், 1.8-க்குக் கீழே இறங்கவே வேண்டாம். நடுவில் வையுங்கள், சந்தேகம் வந்தால் ஒரு சொட்டு மேலே.

நான் சொன்னது ஆடியோ-டெக்னிகா ஏடி-விஎம்95இ கார்ட்ரிட்ஜின் கணக்கு. (கார்ட்ரிட்ஜ் என்பது ஊசியைப் பிடித்து, அதன் அசைவை மின்சாரமாக மாற்றும் பாகம்.) முதல் கார்ட்ரிட்ஜாக யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். உடலிலேயே மரை இருப்பதால் குட்டி நட்டுகளோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை, மேலிருந்து இரண்டு திருகு போட்டால் போதும்.

மாட்டும்போது ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிடுங்கள். ஊசியைக் கழற்றி வையுங்கள், அல்லது அதன் மூடி மேலேயே இருக்கட்டும். பின்னால் நான்கு வயர்: வெள்ளை இடது பிளஸ், நீலம் இடது மைனஸ், சிவப்பு வலது பிளஸ், பச்சை வலது மைனஸ். வயரைப் பிடித்து இழுத்தால் பற்றவைத்த இடத்தில் அறுந்துவிடும். முனையில் இருக்கும் உலோகக் கிளிப்பை இடுக்கியால் பிடித்துத்தான் இழுக்க வேண்டும். கிளிப் தளர்ந்திருந்தால் அதற்குள் ஒரு பல்குச்சியை நுழைத்து, வெளியிலிருந்து லேசாக நெரியுங்கள். குச்சி இருப்பதால் கிளிப் நசுங்காது. கார்ட்ரிட்ஜின் பின்களில் நேரடியாக சால்டரிங் வைக்கவே கூடாது, உள்ளே முடியைவிட மெல்லிய கம்பிச் சுருள் இருக்கிறது. ஒரு பக்கத்தின் பிளஸும் மைனஸும் மாறிப்போனால் பாட்டு நிற்காது. ஆனால் பாஸ் மெலிந்து, பாடுபவர் குரல் நடுவில் நிற்காமல் அலையும்.

திருகுகளைப் பாதி மட்டும் இறுக்கிவிட்டு, கார்ட்ரிட்ஜை நேராக வைக்க உதவும் அளவுத்தாளை எடுங்கள். நீங்களே பிரின்ட் எடுத்ததென்றால் முதலில் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். பிரின்டர் அளவைச் சுருக்கியிருந்தால் மற்றதெல்லாம் வீண். பரவலாகப் பயன்படும் பேர்வால்ட் என்ற கணக்கில் நடு அச்சிலிருந்து 66.0 மி.மீ., 120.9 மி.மீ. என்று இரண்டு புள்ளிகள் இருக்கும். இரண்டிலும் ஊசி முனை சரியாக உட்கார்ந்து, கார்ட்ரிட்ஜ் கோட்டுக்கு நேராக நிற்க வேண்டும். ஒரு புள்ளியில் நேராக நின்று மற்றதில் கோணினால், திருப்புவதற்கு முன் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். உடலை மட்டும் பார்க்காமல், ஊசியைத் தாங்கும் கான்டிலீவரையும் முன்னாலிருந்து பாருங்கள். சிலவற்றில் அதுவே லேசாகச் சாய்ந்து வரும். திருகை இறுக்கும்போது கார்ட்ரிட்ஜ் நகரும். ஆகவே இரண்டையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, கடைசியில் இரு புள்ளிகளையும் இன்னொரு முறை பாருங்கள்.

இனி அழுத்தம். ஆன்டி-ஸ்கேட்டை, அதாவது ஊசி நடுவை நோக்கி இழுபடுவதை ஈடுகட்டும் திருகியை, பூஜ்யத்தில் வையுங்கள். மூடியை எடுத்துவிடுங்கள், அதன் எடையும் கணக்கைக் கெடுக்கும். டோன்ஆர்மின் (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கை) பின்முனையில் இருக்கும் எடையைத் திருகித் திருகி, அந்தக் கை தானாக மிதந்து மட்டமாக நிற்கும் இடத்தைப் பிடியுங்கள். கையைத் தாங்கியில் பூட்டி, எடை அசையாமல் எண் வளையத்தை மட்டும் 0-க்குக் கொண்டு வாருங்கள். பிறகு எடையை வளையத்தோடு சேர்த்துத் திருகி 2-இல் நிறுத்துங்கள். வளையத்தின் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். 0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசில் சரிபாருங்கள். தராசின் தட்டு ரெக்கார்டு இருக்கும் உயரத்திலேயே இருக்கட்டும். அது இரும்பாக இருந்தால் கார்ட்ரிட்ஜின் காந்தம் இழுத்து, அளவு தப்பாகும்.

ஆன்டி-ஸ்கேட்டை அதே 2-இல் தொடங்கலாம். ஓங்கிய இடங்களில் வலது ஸ்பீக்கர் மட்டும் உடைந்தால் கூட்டுங்கள். இடது உடைந்தால் குறையுங்கள். வலது சேனல் பள்ளத்தின் வெளிச்சுவரில் இருக்கிறது. ஊசியோ இயல்பாகவே நடுவை நோக்கி இழுபடும்.

சோதிக்க, ரெக்கார்டின் கடைசிப் பாட்டைப் போடுங்கள். எல்பியின் (33 சுற்று ரெக்கார்டு) ஓரத்தில் ஊசிக்கடியில் விநாடிக்குச் சுமார் 51 செ.மீ. பள்ளம் ஓடுகிறது, உள்முனையில் 21 செ.மீ. அதே ஒலி பாதிக்கும் குறைந்த இடத்தில் நெருக்கப்படுவதால், கோணத்தில் இருக்கும் சிறு தவறும் அங்கேதான் 'ஸ', 'ச' எழுத்துகளில் சீறலாக வெளிப்படும். கடைசிப் பாட்டுகளில் மட்டும் சீறினால் பொருத்தியதை மறுபடி பாருங்கள். முதல் பாட்டிலிருந்தே சீறினால் ஊசியில் அழுக்கு, அல்லது ஊசி தேய்ந்துவிட்டது.

தினசரிப் பராமரிப்பு எளிது. ஒவ்வொரு பக்கம் போடுவதற்கு முன்னும் சின்ன பிரஷால் பின்னிருந்து முன்னாக, அதாவது ரெக்கார்டு சுழலும் திசையில், துடையுங்கள். பக்கவாட்டில் தேய்த்தாலும் முன்னிருந்து பின்னாகத் தள்ளினாலும் கான்டிலீவர் வளையும். விரலால் தூசி எடுப்பது வேண்டவே வேண்டாம். ஆல்கஹாலில் நனைத்துத் துடைப்பதையும் தவிர்ப்பேன். உள்ளே போனால் ஊசி முனையின் வைரத்தைப் பிடித்திருக்கும் பசைக்கும் ரப்பருக்கும் ஆகாது.

ஊசி முனையின் வடிவத்தைப் பொறுத்து ஆடியோ-டெக்னிகா சொல்லும் ஆயுள்: கூம்பு முனைக்கு 500 மணி நேரம், எலிப்டிகலுக்கு (நீள்வட்ட முனை, விஎம்95இ-யில் இருப்பது) 300, மைக்ரோலைனுக்கு (இன்னும் கூரிய முனை) 1,000. நாற்பது நிமிட எல்பி என்றால் 300 மணி நேரம் என்பது 450 எல்பி. ஊசியை மட்டும் மாற்றினால் போதும், விஎம்95 உடலில் கூம்பு முதல் மைக்ரோலைன் வரை எதுவும் பொருந்தும்.

வீட்டில் தாத்தா காலத்து 78 சுற்று ரெக்கார்டு இருந்தால் இந்த ஊசியால் போடாதீர்கள். எல்பி ஊசி அந்த அகலமான பள்ளத்தின் அடியில் போய் உட்கார்ந்து இரைச்சலைத்தான் எடுக்கும். அதற்கு ஏறத்தாழ 75 மைக்ரான் முனையுள்ள தனி ஊசி வேண்டும். ஆடியோ-டெக்னிகாவின் 78 ஊசிக்கு 5 கிராம் அழுத்தம். உங்கள் டர்ன்டேபிளின் பின் எடை அவ்வளவு தருமா என்று முதலில் பாருங்கள். அந்த ரெக்கார்டுகளைக் கழுவும் திரவத்தில் ஆல்கஹால் துளியும் இருக்கக் கூடாது. அவை செய்யப்பட்ட ஷெல்லாக் என்ற அரக்கு அதில் கரைந்துவிடும்.