43-இல் ஒரு பங்கு மினி: மேசை நாட்குறிப்பு

ஜூலை 4

மேசைக்கு ஒரு பழைய மினி பொம்மைக் கார் வந்திருக்கிறது. 1:43 அளவு, டைகாஸ்ட், அதாவது உருக்கிய உலோகத்தை அச்சில் வார்த்தது. யாரோ கதவு ஜன்னலுக்கு அடிக்கிற நீல எனாமலைப் பிரஷ்ஷால் அப்பியிருக்கிறார்கள். கண்ணாடியிலும் நீலம், டயரிலும் நீலம். முன் பம்பரில் பாதி இல்லை. பின் ஆக்ஸில் வளைந்திருக்கிறது.

ஒரிஜினல் பெயின்ட் கொஞ்சம் தேய்ந்தபடி இருந்திருந்தால் தொட்டிருக்கவே மாட்டேன். தேய்ந்த பழைய பெயின்டுக்கு இருக்கிற மதிப்பு, பளபளக்கும் புதுப் பெயின்டுக்குச் சேகரிப்பாளர்களிடம் கிடையாது. அவர்கள் சொல்வதும் நியாயம்தான். ஆனால் இதில் காப்பாற்ற எதுவும் மிச்சமில்லை. அதனால் முழு டிங்கரிங், முழு பெயின்டிங்.

என்னவாக மாற்றுவது என்பதில் குழப்பமே இல்லை. 1964 மான்டி கார்லோ ராலி கார்ப் பந்தயத்தில் பேடி ஹாப்கிர்க் ஓட்டி, ஹென்றி லிடன் வழிகாட்டி வென்ற மினி கூப்பர் எஸ்: டார்ட்டன் சிவப்பு உடல், வெள்ளைக் கூரை, எண் 37.

ஜூலை 5

பிரிக்கும் வேலை. அடித்தகடும் உடலும் இரண்டு ரிவெட்டில் சேர்ந்திருக்கின்றன. ரிவெட்டின் நடுவில் ஊசியால் ஒரு குழி போட்டுவிட்டு, சின்ன டிரில்லைக் கையாலேயே மெதுவாகச் சுற்றினால் தலை மட்டும் கழன்று வரும். மோட்டார் டிரில் வேகமாக ஓடினால் துத்தநாகம் சூடாகிப் பிட்டில் ஒட்டிக்கொள்ளும், அல்லது பிட் வழுக்கித் தகட்டில் கோடு போட்டுவிடும். அதே தண்டில் இன்னும் ஆழமாகத் துளை போட்டு, மரை வெட்டும் கருவியால் உள்ளே மரை போட்டேன். திரும்ப மூடும்போது எம்2 (2 மி.மீ.) திருகு போதும்.

உலோகத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். விரிசல் இல்லை, வீக்கம் இல்லை. இந்தக் கலவைக்கு ஜமாக் என்று பெயர். பெரும்பகுதி துத்தநாகம், சுமார் 4 சதவீதம் அலுமினியம், மிச்சம் கொஞ்சம் தாமிரமும் மக்னீசியமும். வார்க்கும்போது ஈயம் கலந்துவிட்டால், பல வருஷம் கழித்து உள்ளிருந்தே வீங்கி, வெடித்து, உதிர ஆரம்பிக்கும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டைகாஸ்ட் பொம்மைகள் நிறைய இப்படித்தான் போயின. அந்த நோய்க்கு மருந்து இல்லை. பட்டி பார்த்தாலும் பிரைமர் அடித்தாலும் உள்ளே நடப்பது நடந்துகொண்டேதான் இருக்கும்.

ஜூலை 6

பெயின்ட் உரித்தேன். காஸ்டிக் சோடாவில் ஊறப்போடு என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. காரம் துத்தநாகத்தையும் அலுமினியத்தையும் அரிக்கும். கொஞ்சம் அதிக நேரம் விட்டால் உடல் கறுத்துவிடும். டைகுளோரோமீதேன் என்ற கடுமையான கரைப்பான் இல்லாத ஜெல் பெயின்ட் ரிமூவரைத் தடவி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, இரவு முழுக்க வைத்து, காலையில் பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். நீலத்துக்குக் கீழே வெளிர் பச்சை இருந்தது. அதுவும் போனது. கண்ணாடி, சீட், ஸ்டியரிங் எல்லாம் முதலிலேயே தனியே எடுத்து வைத்தாகிவிட்டது. பிளாஸ்டிக்கில் இந்த ஜெல் பட்டால் உருகிவிடும்.

ஜூலை 8

இன்று பெயின்ட் இல்லை, வெறும் கணக்கு. ஆனால் இந்தக் கார் நன்றாக வருமா வராதா என்பது இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

நிஜக் காரின் பெயின்ட், பிரைமரோடு சேர்த்து, சுமார் 0.1 மி.மீ. தடிமன். 43-ஆல் வகுத்தால் 0.0023 மி.மீ. அவ்வளவு மெல்லிதாக யாராலும் அடிக்க முடியாது. திருப்பிப் போட்டால் இன்னும் பயமாக இருக்கிறது: இந்தக் குட்டி உடலில் 0.1 மி.மீ. பெயின்ட் ஏறினால், நிஜக் காரில் 4.3 மி.மீ. பூசியதற்குச் சமம். கதவு இடுக்குகள் அடைபடும், விளிம்புகள் மழுங்கும். நல்ல கலர், நல்ல பளபளப்பு எல்லாம் இருந்தும் சில மாடல்கள் சோப்புக்கட்டி மாதிரி தெரிவதற்குக் காரணம் இதுதான்.

மினிக்கு இது இரட்டைச் சோதனை. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1959-இல் வந்த அந்தக் காரில், தகடுகள் சேரும் விளிம்புகளை உள்ளே மறைக்காமல் வெளிப்பக்கம் மடித்து வெல்ட் செய்தார்கள். வெல்டிங் சுலபம், உள்ளே இடமும் மிச்சம். அந்தத் தையல் முன் மட்கார்டுக்கும் கதவுக்கும் நடுவே ஒரு வரப்பாக இறங்கும், பின் மூலையிலும் இறங்கும். கூரையைச் சுற்றி மழைநீர்க் காடி வேறு. மினியின் முகஜாடையே இந்த வரப்புகளில் இருக்கிறது. 3.05 மீட்டர் கார் இங்கே 71 மி.மீ.; அந்த வரப்பு எவ்வளவு இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஆக, பெயின்டைக் கூட்டுவது இல்லை, குறைப்பதுதான் இந்த வேலை. முதல் வேலையாக, வார்ப்பிலேயே மழுங்கியிருந்த வரப்பின் இரண்டு பக்கத்தையும் ஊசிமுனையால் சுரண்டி ஆழப்படுத்தினேன். அச்சுக்கோடுகளை அரம் போட்டு எடுத்து, 600 வாட்டர் பேப்பரால் தேய்த்தேன்.

ஜூலை 9

பிரைமர். துத்தநாகத்தில் சாதாரணப் பெயின்ட் சரியாகப் பிடிக்காது, நகம் பட்டாலே உரியும். அதனால் உலோகத்துக்கான எட்ச் பிரைமர், ஒரே ஒரு மெல்லிய கோட். அதன்மேல் சாம்பல் பிரைமர் அடிக்காமல் வெள்ளை அடித்தேன். சிவப்பு நிறமிகள் பெரும்பாலும் அடியை முழுசாக மறைப்பதில்லை. சாம்பல்மேல் அடித்தால் சிவப்பு செத்துப்போய்த் தெரியும். அதைச் சரிசெய்ய இன்னும் ரெண்டு கோட், அப்புறம் வரப்பு காலி.

ஜூலை 11

மழை. ஸ்ப்ரே வேலை இல்லை. லாக்கர் (lacquer) வகைப் பெயின்டில் உள்ள தின்னர் சட்டென்று ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படியும். பெயின்ட் வெளிறிப்போய்ப் புகை படிந்தது போல ஆகிவிடும்.

சக்கரங்களைப் பார்த்தேன். மென்மையான பிவிசி டயரிலிருந்து கசியும் எண்ணெய், பிளாஸ்டிக் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்திருக்கிறது. நான்கில் இரண்டு போய்விட்டது. மாற்றுச் சக்கரம் தேடும்போது அளவில் கவனம் வேண்டும்: மினிக்கு 10 அங்குல ரிம், இந்த அளவில் 5.9 மி.மீ. கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான சக்கரங்களைப் போட்டால் கார் பொய்க்கால் குதிரை ஆடும்.

ஜூலை 13

முதலில் கூரையின் வெள்ளை. நிஜக் காரில் இது ஓல்டு இங்கிலிஷ் ஒயிட், லேசாகப் பழுப்பு கலந்தது. பளீர் வெள்ளை இங்கே பொருந்தாது. வெள்ளையை முதலில் அடிப்பது ஏன் என்றால், சிவப்பின்மேல் வெள்ளை அடித்தால் அடியிலிருந்து சிவப்பு கசிந்து இளஞ்சிவப்பாக்கும்.

ஜூலை 14

மாஸ்கிங் டேப்பை நேராக ரோலிலிருந்து ஒட்டக்கூடாது. ரோலின் விளிம்பில் தூசி இருக்கும். கண்ணாடித் தட்டின்மேல் ஒட்டி, புது பிளேடால் மெல்லிய பட்டைகளாக வெட்டி, கூரைக் காடியை ஒட்டி அழுத்தினேன். டேப்பின் ஓரத்தில் முதலில் இன்னொரு வெள்ளைத் தூவல். ஏதாவது இடுக்கில் புகுந்தால் வெள்ளையே புகட்டும். அப்புறம் சிவப்பு. ஏர்பிரஷ்ஷில் 0.3 மி.மீ. முனை, பெயின்ட் தண்ணியாக, அழுத்தம் குறைவாக. முதல் தூவலில் உடம்பெல்லாம் அம்மை போட்டது போலப் புள்ளிகள்தான் தெரியும். அதைப் பார்த்துக் கை பதறக்கூடாது. வெள்ளை மறைந்த அந்த நிமிஷமே நிறுத்தினேன்.

வரப்பு தெரிகிறது. நல்லா தெரிகிறது.

ஜூலை 17

டீக்கல், அதாவது அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படம், ஒட்டும் நாள். எண் 37, 33 ஈஜேபி என்ற நம்பர் பிளேட், முன்னும் பின்னும் ராலித் தகடு. நம்பர் பிளேட் எழுத்து சுமார் 2 மி.மீ.; மூச்சை அடக்கிக்கொண்டுதான் ஒட்ட வேண்டியிருக்கிறது. பளபளப்பான பரப்பில்தான் டீக்கல் ஒட்ட வேண்டும். மங்கிய பரப்பின் மேடுபள்ளத்தில் காற்று சிக்கினால் ஓரமெல்லாம் வெள்ளி போல மினுங்கும். கதவுக் கோட்டின் மேல் வரும் இடத்தில் டீக்கலை மென்மையாக்கும் திரவம் ஒரு சொட்டு. முதலில் சுருங்கிப் பயமுறுத்தும், தொடாமல் விட்டால் தானாகப் படிந்துவிடும்.

ஜூலை 20

கிளியர் கோட், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு. முதலில் தூறல் போல மட்டும். சடாரென்று ஈரமாக அடித்தால் லாக்கர் டீக்கலைச் சுருக்கிவிடும்.

ஜூலை 26

நன்றாகக் காய விட்டு, தட்டையான இடங்களில் மட்டும் 3000 பேப்பர், பிறகு பாலிஷ். வரப்பின் பக்கம் பேப்பரே போகவில்லை. அங்கே ஒரு தேய்ப்பில் உலோகம் வந்துவிடும்.

பம்பரும் கிரில்லும் கடைசியில்தான். குரோம் பெயின்டின் மேல் கிளியர் பட்டால் அது வெறும் வெள்ளிப் பெயின்ட் ஆகிவிடுகிறது. பம்பரின் உடைந்த பாதியைப் பித்தளைக் கம்பியால் செய்து, பளபளப்பான கறுப்பு அடித்து, அதன்மேல் குரோம் பேனா. கதவு இடுக்குகளில் கறுப்பு வாஷ் (தண்ணியாகக் கரைத்த பெயின்ட்) விடவில்லை, அடர் அரக்கு விட்டேன். சிவப்புக் காரில் கறுப்புக் கோடு கார்ட்டூனாகத் தெரியும்.

கண்ணாடியை வெள்ளைப் பசையால் ஒட்டினேன். சூப்பர் குளூவின் ஆவி படிந்தால் கண்ணாடி பனி மூடியது போலாகும்.

முன்னால் வைக்கும் கூடுதல் விளக்குகளைப் பொருத்தும்போது 1966 நினைவுக்கு வந்தது. அந்த வருஷ மான்டி கார்லோவில் மினிகள்தான் முதல் மூன்று இடம். ஆனால் ஹெட்லைட் விதிமீறல் என்று சொல்லி வெற்றியைப் பறித்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய ராலியை ஒரு பல்பு முடிவு செய்தது இன்றைக்கும் எனக்கு ஜீரணமாகவில்லை.

ஜூலை 27

மூடித் திருகு போட்டாயிற்று. கண்ணாடித் தட்டில் வைத்துப் பார்த்தால் வலது முன் சக்கரம் தரையைத் தொடவில்லை. கீழே ஒரு தாள் தாராளமாகப் போய் வருகிறது. புது ஆக்ஸில் நேராகத்தான் இருக்கிறது, அடித்தகட்டின் காடிதான் ஒரு பக்கம் ஆழமாக இருக்கிறது. திரும்பக் கழற்றி, காடியில் மெல்லிய பித்தளைத் துண்டு ஒன்று வைக்க வேண்டும். திருகு என்பதால் பரவாயில்லை.